துண்டுக்குள் கை

தை 9, செவ்வாய்

மூக்கு எப்போதெல்லாம் ஒழுகுகிறது, அந்த நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று தினமும் எழுதிக் கொண்டுவரச் சொல்லிவிட்டார் ஈரோட்டு டாக்டரம்மா. எழுதுவது எனக்குப் பெரிய காரியமல்ல. ஏழாம் வகுப்போடு நான் நின்றபோது தலைமையாசிரியர் எங்கள் வீட்டுக்கே வந்து, அவிநாசியப்பனை அனுப்புங்கள், கலெக்டராக்கிக் காட்டுகிறேன் என்று அழுதார். அவர் வந்தது நான் உடைத்த ஜன்னல் கண்ணாடிக்காக என்று என் அக்கா சொல்வாள். அக்காவுக்கு அப்போதிருந்தே ஞாபகசக்தி குறைவு.

என்னை இழுத்துக்கொண்டு போனது அந்த அக்காவின் மகள் கோகிலவாணி. ஈரோட்டில் ஜவுளிக் கம்பெனி வேலையில் இருக்கிறாள். பொங்கலுக்கு வந்தவள் என்னோடு பந்தியில் உட்கார்ந்து பாதியில் எழுந்துவிட்டாள். பசியில்லை என்றாள். மறுநாளே டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டாள்.

முழங்கையில் வரிசையாகக் குத்திக் குத்தி எதை எதையோ வைத்தார்கள். தூசி, மகரந்தம், நாய் முடி, கரப்பான் பூச்சிச் சாறுகூட. கருமம். ஒன்றுக்கும் என் கை தடிக்கவில்லை. இப்படி ஒரு கையைத் தன் சர்வீஸில் பார்த்ததில்லை என்று அந்த நர்ஸ் நினைத்திருப்பாள், முகத்திலேயே தெரிந்தது.

பிறகு கறுப்பு நூல் போல ஒரு குழாய். அதன் நுனியில் கேமரா. மூக்குக்குள் விட்டு டிவியில் காட்டினார்கள். வயிற்றில் கன்று மாட்டிக்கொண்ட எருமைக்குள் தோள்வரை கையை விட்டு இழுத்தவன் நான். என்னாலேயே அதைப் பார்க்க முடியவில்லை. மழை பெய்த மறுநாள் கறிக்கடைக்குப் பின்புறம் எப்படி இருக்குமோ அப்படி. சிவந்து, வீங்கி, கோந்து கோந்தாக. இது யாருடையது என்று கேட்டேன். "உங்களோடதுதாங்க" என்றார். நான் நம்பவில்லை. முன்னால் வந்த ஆளுடைய படம் டிவியில் அப்படியே நின்றிருக்கும்.

ஒவ்வாமை இல்லையாம். மூக்குக்குள் இருக்கும் நரம்புக்கு ரோஷம் அதிகமாம். குளிர்காற்று, பீடிப்புகை, ஊதுபத்தி, சூடான ரசம், எது பட்டாலும் கோபித்துக்கொண்டு ஒழுகுமாம். எங்கள் வம்சமே ரோஷத்துக்குப் பேர்போனது என்றேன். உப்புத்தண்ணீரில் காலையும் மாலையும் மூக்கைக் கழுவ வேண்டும், ஒரு ஸ்பிரே அடிக்க வேண்டும், எதனால் கிளம்புகிறது என்று எழுத வேண்டும். ஸ்பிரே வேலை செய்யச் சில வாரம் ஆகும், பொறுமை வேண்டும் என்றார்.

மூக்கடைப்புக்கு மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கி ஊற்றுவதுண்டா என்று கேட்டார். எப்போதாவது என்றேன். கோகிலவாணி மின்விசிறியைப் பார்த்தாள்.

தை 10, புதன்

மூக்கைக் கழுவினேன். இதைக் கண்டுபிடித்தவன் கிடைத்தால் கட்டிவைத்து அவன் மூக்கில் கழுநீர் ஊற்றுவேன்.

தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்து, அளந்து கொடுத்திருக்கும் உப்புப் பொட்டலத்தைப் போட்டு, தலையைச் சாய்த்து ஒரு மூக்கில் பீய்ச்சினால் அடுத்த மூக்கில் வரும். பொட்டலத்தில் இருந்தது எறும்புக்குக்கூடப் போதாது. ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு எதிலும் கஞ்சத்தனம். மாட்டுத் தாழிக்குப் போடுகிற கல்லுப்பை ஒரு கை அள்ளிப் போட்டேன். நோய் சீக்கிரம் போகட்டும் என்ற நல்லெண்ணம்தான்.

மிளகாய்ப்பொடியைக் கண்ணுக்குப் பின்னால் இருந்து யாரோ தூவியது போல் இருந்தது. நான் கத்தவில்லை. கத்தியது நான்தான் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். வெளியே வந்ததைப் பற்றி எழுத வேண்டாமென்று பார்த்தேன், ஆனால் உண்மை உண்மைதான்: ஆறிப்போன பாயசத்தின் மேலாடை போல ஒன்று, பச்சையாக, சாண் நீளத்துக்கு, வாஷ்பேசினில் வழுக்கிக்கொண்டு போய் ஓட்டையில் அடைத்துக்கொண்டது. என் சம்சாரம் சாமியாத்தாள் வந்து எட்டிப் பார்த்தாள். ஒரு குச்சியை எடுத்து வந்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

தை 11, வியாழன்

சந்தை. டாக்டரம்மாவுக்குப் புரிவதற்காகக் கொஞ்சம் விளக்கமாக எழுதுகிறேன்.

நான் மாட்டுத் தரகன். எங்கள் சந்தையில் மாட்டு விலையை வாயால் சொல்ல மாட்டோம். தோள் துண்டை எடுத்து இரண்டு பேர் கைமேலும் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவோம். சுற்றி நூறு பேர் நின்றாலும் விலை அந்த இரண்டு கைக்குத்தான் தெரியும். பத்தாயிரக் கணக்கு மாட்டைப் பார்த்தாலே எல்லோருக்கும் தெரியும்; அதற்குமேல் ஒரு விரலுக்கு ஓராயிரம், முழுக் கையையும் பிடித்தால் ஐந்து. பிடித்துவிட்டால் அது வாக்கு. வாக்கிலிருந்து பின்வாங்கும் தரகனுக்கு அடுத்த வாரம் யாரும் கை கொடுக்க மாட்டார்கள். கை கொடுக்க ஆள் இல்லாத தரகன் சந்தையில் வெறும் வேடிக்கை பார்க்கிறவன்.

பல்லடம் பீர் முகமது ராவுத்தர் இருபது வருடமாக என் கையில்தான் மாடு பிடிக்கிறார். பால்மாடுகளை வாங்கிப் பண்ணைகளுக்குக் கொடுப்பவர். அவர் யார் கையில் பிடிக்கிறாரோ அந்தக் கையைத் தேடித்தான் மற்ற வியாபாரிகளும் வருவார்கள். இன்று அவருக்காக, மாடு விற்க வந்த ஒரு வெள்ளகோவில்காரரோடு பேசினேன். துண்டுக்குள் அவருடைய மூன்று விரலைப் பிடித்திருந்தேன். மூன்றுக்குப் படியப்போகிற நேரம். பக்கத்தில் எவனோ பீடியைப் பற்றவைத்தான். எனக்குத் தும்மல் வந்தது. தும்மினால் உடம்பு முழுவதும் இறுகும்தானே. கை அவருடைய ஐந்து விரலையும் சேர்த்து நசுக்கிவிட்டது.

என் தும்மல் முடிவதற்குள் வெள்ளகோவில்காரர், "சரிங்க, குடுத்துட்டேன்" என்றுவிட்டார்.

மூன்றுக்குப் போக வேண்டிய மாடு ஐந்துக்குப் போனது. தும்மலோடு வந்தது பக்கத்தில் நின்ற ராவுத்தரின் முழங்கையில் போய் ஒட்டியது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வேப்பிலை ஒரு கொத்து பறித்து வழித்து எறிந்தார். வாக்கு வாக்குதான் என்று பணத்தைக் கொடுத்துவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு போனார். நல்ல மாடுகளைப் பார்த்தால் எனக்குத் தும்மல் வரும், அதிர்ஷ்டம் என்று சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பல்வலியாக இருக்கும்.

தை 12, வெள்ளி

மூக்கு: ஒன்றும் ஒழுகவில்லை. சாப்பிடும்போது கொஞ்சம். சாமியாத்தாள் தட்டை எடுத்துக்கொண்டு டிவி முன்னால் போய்விட்டாள். நாடகம் முக்கியமாம். கரண்ட் இல்லை.

தை 18, வியாழன்

ராவுத்தர் செல்வராசு கையில் இரண்டு மாடு பிடித்தார். செல்வராசு நேற்று மீசை முளைத்த பயல். பையன் முன்னுக்கு வரட்டும் என்று நான்தான் விட்டுக்கொடுத்தேன். ராவுத்தரிடம் அப்படிச் சொல்லவில்லை, மனதுக்குள் விட்டுக்கொடுத்தேன்.

மற்றவர்களும் இன்று கொஞ்சம் வேலையாக இருந்தார்கள். துண்டை விரித்தால் ஒருவருக்குச் செல்போன் அடிக்கிறது, ஒருவருக்கு மாட்டின் பல்லை இன்னொரு முறை பார்க்க வேண்டியிருக்கிறது. ஒருவர் தன் துண்டையே போடலாம் என்றார். அடுத்தவன் துண்டுக்குள் கை விடுகிற வழக்கம் எனக்குக் கிடையாது என்று சொல்லிவிட்டேன். டீக்கடையில் எல்லாருக்கும் கண்ணாடி டம்ளர், எனக்கு மட்டும் காகிதக் கப். தனி மரியாதை.

காலைப் பனியில் ஒழுகியது. டீ குடிக்கும்போது ஒழுகியது. துண்டு இருக்கக் கவலை என்ன.

தை 22, திங்கள்

தவிட்டு வாளிக்குள் இருந்து சாமியாத்தாள் சொட்டு மருந்துக் குப்பிகளை எடுத்து வாசலில் வரிசையாக அடுக்கிவிட்டாள். காலிக் குப்பிகள்தான் பெரும்பாலும். எருமைக்கன்றுக்குச் சளி, அதற்காக வாங்கியது என்றேன். "கன்னு தலகாணிக்கடியில கூட வெச்சிருக்குதுங்க" என்றாள்.

மெடிக்கல்காரன் நல்ல மனிதன். கேட்காமலே எடுத்து வைத்துவிடுவான். ஊற்றிய கணத்தில் மூக்கு திறந்து காற்று வயிறுவரை போகும். அப்புறம் முன்னைவிட இறுக்கமாக அடைக்கும். மறுபடி ஊற்றினால் சரியாகிவிடும். எவ்வளவு நல்ல மருந்து.

ஸ்பிரேயும் அடிக்கிறேன். சுரீரென்று எரிந்து ரத்தம் கசிகிறது. துண்டில் சிவப்பாகக் கோடு கோடாக இருக்கிறது. வெற்றிலை எச்சில் என்று நினைத்துக்கொள்வார்கள்.

மாசி 3, வியாழன்

இன்று முழுவதும் ஒரு கைகூட என் துண்டுக்குள் வரவில்லை.

வெயில் ஏறிய பிறகு ராவுத்தர் என்னைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் தனியாக அழைத்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மூக்கோடு சம்பந்தப்பட்டதுதான்.

"அவிநாசி, உங்க கையில எனக்குக் கொறையே இல்லீங்க. இருவது வருசமா நம்பித்தான் புடிச்சேன். அந்தத் தும்மலுக்கு ரெண்டு வெரல் அதிகமாப் போச்சு, அதுகூடப் போனாப் போகுதுங்க. ஆனா அந்தத் துண்டுக்குள்ள கைய வுடறதுக்கு அருவருப்பா இருக்குதுங்க. உள்ள ஈரமா, சவசவன்னு, சூடா. வூட்டுக்குப் போயி எத்தன தடவ கழுவினாலும் அந்தக் கையில சோறு திங்க முடியல."

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"பங்குனித் தேர்ச் சந்தைக்குப் பத்து உருப்படி புடிக்கோணும். செல்வராசு கையிலதான் புடிக்கப் போறேன். வேற ஆள் மூலமா உங்க காதுக்கு வரக்கூடாது, நானே சொல்லிப்போடோணும்னுதான்."

ராவுத்தருக்கு வயதாகிவிட்டது. ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லி அனுப்பி வைத்தேன்.

மாசி 5, சனி

எழுத ஒன்றுமில்லை.

மாசி 8, செவ்வாய்

நானாகவே ஈரோட்டுக்குப் பஸ் ஏறினேன். கோகிலவாணி ஆஸ்பத்திரி வாசலில் நின்றாள்.

டாக்டரம்மா இந்த நோட்டைப் புரட்டிப் படித்தார். நடுவில் இரண்டு தடவை இருமினார், சிரிப்பை அடக்கியது போலவும் இருந்தது. பிறகு நிமிர்ந்து, "சொட்டு மருந்து எத்தன வருசமா ஊத்தறீங்க?" என்று கேட்டார். நான் எருமைக்கன்றைப் பற்றி ஆரம்பித்தேன். கோகிலவாணி என் தோளைத் தொட்டு, "மாமா, ராவுத்தர் வரோணுமா வேண்டாமா?" என்றாள். சாமியாத்தாள் போனில் எல்லாவற்றையும் ஒப்பித்திருக்கிறாள்.

மூன்று வருடம் என்று சொன்னேன்.

அதுதான் உள்ளே வீக்கத்துக்குக் காரணமாம். அந்த மருந்து ரத்தக்குழாயை இறுக்கிச் சுருக்குகிறது. அதன் வேகம் தணிந்ததும் குழாய் முன்னைவிடப் பெரிதாக வீங்குகிறது. வீங்கியதற்கு மறுபடி அதையே ஊற்றுகிறோம். சாராயத்தால் வந்த தலைவலிக்குச் சாராயமே மருந்து என்கிற கதை. சில நாளைக்கு மேல் அதைத் தொடவே கூடாதாம். இத்தனை வருடமாக நான் காசு கொடுத்து வாங்கியது மருந்தையல்ல, அடைப்பை. மெடிக்கல்காரனைப் பற்றி முன்னால் எழுதியதை அடித்துவிட நினைத்தேன், டாக்டரம்மா படித்துவிட்டதால் விட்டுவிட்டேன்.

மூக்கு கழுவப் பொட்டலத்து உப்பு மட்டும்தான். கல்லுப்பு விஷயத்தைப் படித்துவிட்டு நெற்றியில் கை வைத்துக்கொண்டார். ஸ்பிரேயை நான் மூக்கின் நடுச்சுவரைப் பார்த்து அடித்திருக்கிறேன், ரத்தம் அதனால். தலையைக் கொஞ்சம் குனிந்து, வலது கையால் இடது மூக்கிலும் இடது கையால் வலது மூக்கிலும், நுனி காதுப் பக்கம் பார்க்கிற மாதிரி அடிக்க வேண்டும். ஒழுகலை மட்டும் நிறுத்துவதற்கு வேறொரு ஸ்பிரே எழுதினார், சாப்பாட்டுக்கு முன்னாலும் சந்தைக்குப் போகும் முன்னாலும் அடித்துக்கொள்ள. இதெல்லாம் கேட்காவிட்டால் இன்னும் வேறு ஸ்பிரேக்கள் இருக்கின்றன, கடைசியாக வீங்கிய சதையைச் சுடுவதும் இருக்கிறது. சுடுங்கள், மயக்க மருந்துகூட வேண்டாம் என்றேன். "மொதல்ல அந்தச் சொட்ட வுடுங்க" என்றார். முழுசாகக் குணமாகுமா என்று கேட்டேன். அடங்கும், ஆனால் ரோஷம் போகாது, அவ்வப்போது தலை தூக்கும் என்றார்.

மாசி 14, திங்கள்

மூக்கு இரண்டும் சிமெண்ட் பூசியது போல் இருக்கின்றன. படுத்தால் மூச்சில்லை. சுவரில் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறேன். நாக்கு காய்ந்து மாட்டுத்தோல் போல ஆகிறது. சாமியாத்தாள் என் வாயில் ஈ போகாமல் விசிறிக்கொண்டிருந்ததாகக் கனவு. கனவல்ல என்கிறாள்.

ராத்திரி வரக்கூடாத எண்ணம் வந்தது. தவிட்டு வாளியைத் துழாவினேன். தவிடுதான் இருந்தது. மீதியிருந்த குப்பிகளை அவள் சாணிக்குழியில் போட்டுவிட்டாளாம். காலையில் நான் குழிக்குப் போனேன், எருவைக் கிளறிவிட. கிளறியதில் ஒன்றும் கிடைக்கவில்லை. நகக்கண்ணெல்லாம் சாணி. அதையும் எழுதிவிட்டேன்.

மாசி 27, ஞாயிறு

இடது பக்கம் திறந்தது. சீழ்க்கை அடிக்கிற மாதிரி ஒரு சத்தம். என் காதுக்கு நாதஸ்வரம்.

ஒழுகியது: விடியற்காலைப் பனி, சாமி ஊதுபத்தி, கொள்ளு ரசம். ஊதுபத்தியை நிறுத்திவிட்டோம். சாமியிடம் டாக்டர் பெயரைச் சொல்லிவிட்டேன்.

பங்குனி 4, ஞாயிறு

இன்று நடந்ததை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

காலையில் மூக்கு கழுவிவிட்டு வந்தேன். சாணி மணத்தது. பச்சைச் சாணி, வைக்கோல், சாமியாத்தாளின் தலையில் தேங்காயெண்ணெய். எத்தனையோ காலமாயிற்று. நின்று நின்று முகர்ந்தேன். அப்போது இன்னொரு நாற்றமும் வந்தது. வீட்டில் எங்கேயோ எலி செத்துக் கிடக்கிறது. செத்து, அழுகி, புழுத்த நாற்றம், அதோடு ஊறவைத்து மறந்துபோன மாவின் புளிப்பு.

ஒரு வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கத் துப்பில்லையா என்று அவளை ஏசினேன். கட்டிலை நகர்த்தினேன். அரிசி டிரம்மை உருட்டினேன். பரணில் ஏறினேன், அங்கேயும் அடித்தது. பின்கட்டுக்குப் போனேன், அங்கேயும். கிணற்றடியில் நின்றால் அங்கேயும் வந்து சேர்ந்தது. எலி அல்ல, பெருச்சாளியாக இருக்க வேண்டும், தரைக்கடியில் பொந்து பொந்தாகச் செத்திருக்கும் என்று சொல்லிக் கடப்பாரையைக் கேட்டேன்.

அவள் அவரைக்காய் அரிந்துகொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"எலி உங்க தோள்ல இருக்குதுங்க."

தோளில் துண்டு இருந்தது.

முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். அதற்கு மேல் எழுத வேண்டியதில்லை. கிணற்றடியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். வயிற்றில் ஒன்றும் இல்லாமல் போன பிறகும் எடுத்தேன். தொட்ட இடமெல்லாம் மொடமொடவென்று காய்ந்தும் நடுவில் வழுவழுவென்று ஈரமாகவும் இருந்தது. அதற்குள்தான் நான் ஒவ்வொருவர் கையையும் இழுத்து வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லாமயா? சந்தையில எல்லாரும் வெச்சிருக்கற துண்டுதான்னீங்க. வெள்ளாவில போட்டுக் குடுத்தா சாயந்தரம் அப்பிடியே வருது. குச்சியில எடுத்துத்தான் ஊறப் போடுவேன். கையில எடுக்க முடியலீங்க, என்ன பண்றது."

மூன்று வருடம். தினமும் ஒரு குச்சி.

துண்டை அதே குச்சியில் எடுத்து எருக்குழியில் போட்டு எரித்தேன். புகையில் மூக்கு ஒழுகியது. சட்டையில் துடைத்துக்கொண்டு, அந்தச் சட்டையையும் கழற்றிப் போட்டேன்.

பங்குனி 5, திங்கள்

கைக்குட்டை ஒரு டஜன் வாங்கினேன். ஒன்று நனைந்தால் பைக்குள், அடுத்தது வெளியே. கோகிலவாணி சொன்ன யோசனை. நானும் அதையேதான் நினைத்திருந்தேன் என்று சொல்ல வந்து, சொல்லவில்லை.

சாமியாத்தாள் இன்று என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். கரண்ட் இருந்தது. நாடகமும் ஓடியது.

பங்குனி 15, வியாழன்

சந்தைக்குப் போனேன். யாரிடமும் கை கேட்கவில்லை. ஓரமாக நின்று பார்த்தேன். செல்வராசு நன்றாகத்தான் பேசுகிறான்.

பங்குனி 29, வியாழன்

தேர்ச் சந்தை. கோவிலைச் சுற்றி மாடு, மாடு, மாடு. மேளம், தூசி, கரும்புச்சாறு மெஷின், கற்பூரம். என் மூக்குக்கு ஆகாதது ஒன்று பாக்கியில்லை. காலையிலேயே கழுவி, ஸ்பிரே இரண்டையும் முறையாக அடித்துக்கொண்டு போயிருந்தேன். தோளில் புதுத்துண்டு, கஞ்சி மணம் போகாதது. அதை மூக்கு துடைக்க எடுப்பதில்லை என்று எனக்கு நானே கட்டளை.

ஒரு முத்தூர்க்காரர் தன் செவலை மாட்டை என்னிடம் விட்டிருந்தார். தலையீற்று, நல்ல மடி, சாந்தமான முகம். ராவுத்தருக்கென்றே பிறந்த மாடு. அவர் செல்வராசோடு சற்றுத் தள்ளி நின்றுகொண்டிருந்தார்.

போய்க் கேட்டேன். இத்தனை வருடத்தில் நான் யாரிடமும் கை கேட்டுப் போனதில்லை. கைகள்தான் என்னைத் தேடி வரும். இது பெருமைக்காக எழுதியதல்ல.

"ராவுத்தரே, பத்தும் செல்வராசு கையிலயே புடிங்க. இந்த ஒரு மாட்டுக்கு மட்டும் எனக்குக் கை குடுங்க. நீங்க சொன்னது அத்தனையும் நெசம். நானே மோந்து பாத்துட்டேன்."

செல்வராசு வேறு பக்கம் பார்த்தான். ராவுத்தர் என் மூக்கைப் பார்த்தார். மாட்டைப் பார்த்தார். பிறகு என் தோளிலிருந்த துண்டை அவரே எடுத்தார். வாங்கப்போகிற தீவனத்தை முகர்வது போல முகத்தருகே வைத்து முகர்ந்தார். அதை எங்கள் இரண்டு பேர் கைமேலும் போட்டார்.

நான் அவருடைய நான்கு விரலைப் பிடித்தேன். அவர் ஒன்றை உருவிக்கொண்டு மூன்றை விட்டார். நான் மறுபடி நான்கைப் பிடித்தேன். என் இடது கையில் மாட்டுக் கயிறு. தேர் பக்கத்தில் மேளம் ஏறியதும் மாடு மிரண்டு இழுத்தது, கயிற்றை விட முடியாது. வலது கையை எடுத்தால் பேச்சு முறிந்துவிடும். அந்த நேரம் பார்த்துக் கற்பூரப் புகை இந்தப் பக்கம் திரும்பியது.

வந்துவிட்டது. சூடாக இறங்கி, மூக்கு நுனியில் திரண்டு, மீசையில் சொட்டி, உதட்டுக்கு வந்து நின்றது. உப்புக் கரித்தது. தும்மல் வரக்கூடாது, கை இறுகக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். ஒரு விரல்கூட அசையவில்லை. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். ராவுத்தர் ஒரு சாண் தூரத்தில் இருந்து பார்த்தார். அவர் முகம் சுருங்கியது. கையை இழுத்துக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன்.

அவர் இழுக்கவில்லை. பார்வையை மட்டும் மாட்டின் பக்கம் திருப்பிக்கொண்டார். துண்டுக்குள் நான்கு விரலும் என் கைக்குள் வந்து படிந்தன. அப்படியே இருந்தன.

"மூக்கத் தொடைங்க, அவிநாசி. வெல முடிஞ்சுது."

கயிறு பிடித்த கையை உயர்த்திச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டேன். துண்டு அவர் கைமேல் இருந்தது.